ஒட்டு ஓம்புயிரைத் தாக்கும்போது: ஒரு நோய்ப்பெயரும் அதன் சமிக்ஞைகளும்

முதலமடை மாந்தோப்புகளுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு ‘ஒட்டு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதையில் மீனாட்சிபுரத்தை அடுத்து வரும் ஊர் அது. மாங்கொட்டையில் முளைத்த கன்றின் தலையை வெட்டி, விரும்பிய இரகத்தின் இளந்தண்டை அதில் பொருத்திக் கட்டினால், சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகிவிடும். வேர் ஒரு மரத்தினுடையது. கனி இன்னொரு மரத்தினுடையது. ஆங்கில அறுவை மருத்துவம் தன் கலைச்சொல்லை இந்தத் தோட்டக்கலையிலிருந்துதான் பெற்றது. தீக்காயத்தின் மீது வைக்கப்படும் தோலும் ‘ஒட்டு’ என்றே அழைக்கப்பட்டது. அந்தச் சொல்லாட்சியில் ஒட்டு செயலற்ற பொருள். ஏற்பதும் மறுப்பதும் அதைப் பெறும் உடலின் வேலை. இலக்கண மொழியில் சொன்னால், உடல் எழுவாய், ஒட்டு செயப்படுபொருள்.

எலும்பு மஜ்ஜை இந்த வாக்கியத்தைத் தலைகீழாக்கியது. மஜ்ஜை வெறும் திசுவன்று. நோயெதிர்ப்பு அணுக்களையும் அவற்றின் பிறப்பிடத்தையும் சேர்த்தே கொண்டது. ஆகவே, மாற்றப்பட்ட மஜ்ஜை தன்னை ஏற்றுக்கொண்ட உடலையே அயலாகக் கண்டு தாக்கக்கூடும். இதைத்தான் ‘ஒட்டு எதிர் ஓம்புயிர் நோய்’ என்கிறோம். இந்நோயின் பின்னுள்ள சமிக்ஞைகளை அறிவியல் எவ்வாறு படிப்படியாக வாசிக்கக் கற்றது என்பதே இப்பதிவின் பொருள். மொழியியலில் முதுகலை பயின்றவன் என்பதால், இவ்வரலாற்றில் என்னை ஈர்ப்பது ஒன்று: ஒரு சமிக்ஞையின் பொருள் சமிக்ஞைக்குள் மட்டும் இருப்பதில்லை. யார் பெறுகிறார், எப்போது பெறுகிறார், எந்த நோயாளியின் உடலில் பெறுகிறார் என்பவை சேர்ந்தே அதன் பொருளை உறுதிசெய்கின்றன. வேலூரின் அனுபவத்தைப் பார்க்கும்போது இது கோட்பாட்டுச் செய்தியாக மட்டும் நிற்பதில்லை. உயிர்களைப் பற்றிய கணக்காகிவிடுகிறது.

மூன்று பெயர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதிர்வீச்சு அனைவரின் அச்சமாக இருந்தது. சிகாகோவில் லியான் ஜேக்கப்சன், மண்ணீரலை ஈயத்தால் மறைத்துவிட்டுக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலிகள் சாவிலிருந்து தப்புவதை 1949இல் காட்டினார். 1951இல் எகான் லோரன்ஸ் குழுவினர், மஜ்ஜையைச் செலுத்துவதாலும் அதே பாதுகாப்பு கிடைப்பதை அறிந்தனர். எலியைக் காப்பாற்றியது மஜ்ஜையிலிருந்து கசிந்த ஏதோவொரு வேதிப்பொருளா, உயிருள்ள அணுக்களா என்ற விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. 1956இல், பிரித்தறியக்கூடிய குரோமோசோமை அடையாளமாகப் பயன்படுத்தி, மீண்டெழுந்த குருதி கொடையாளியின் அணுக்களால் ஆனதே என்று நிறுவப்பட்டது.

அப்போதே ஒரு புதிர் தோன்றியிருந்தது. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் பார்ன்ஸ், லூட்டிட் ஆகியோர் வேற்றுக் குலத்து எலியின் மஜ்ஜையைச் செலுத்திய எலிகள் கதிர்வீச்சிலிருந்து பிழைத்தன. ஆனால் சில வாரங்களில் மெலிந்து, தோல் கெட்டு, வயிற்றுப்போக்கால் இறந்தன. கதிர்வீச்சு நோய் முதலாவது. இது அதன் பின் வந்தது. ஆதலால் இதற்கு ‘இரண்டாம் நோய்’ என்று பெயரிட்டனர்.

இலண்டனில் பீட்டர் மெடவார், ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரென்ட் ஆகிய மூவரும் வேறொரு கேள்வியைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். கருநிலையிலேயே அயல் அணுக்களைச் சந்தித்த எலி, வளர்ந்தபின் அந்த அயலானின் தோலை மறுப்பதில்லை என்று 1953இல் அவர்கள் காட்டியிருந்தனர். நோயெதிர்ப்புச் சகிப்பு என்ற இக்கண்டுபிடிப்புக்காக மெடவார் 1960இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே வழியில், பிறந்த குட்டிகளுக்கு முதிர்ந்த எலியின் மண்ணீரல் அணுக்களைச் செலுத்தியபோது சில குட்டிகள் வளராமல் குன்றின. 1957இல் பில்லிங்ஹாமும் பிரென்ட்டும் இதைக் ‘குன்றல் நோய்’ என்றனர். டென்மார்க்கின் மார்டென் சைமன்சன் அதே ஆண்டில் ஏறத்தாழ இதே முடிவைத் தனியாக அடைந்தார்.

இரண்டாம் நோயும் குன்றல் நோயும் ஒரே நிகழ்வின் இரு தோற்றங்கள் என்பது புரிந்த பிறகுதான் மூன்றாவது பெயர் நிலைபெற்றது: ஒட்டு எதிர் ஓம்புயிர் வினை. இப்பெயர்வரிசையைக் கவனித்தால் அறிவின் வளர்ச்சி தெரியும். முதற்பெயர் காலத்தைச் சுட்டுகிறது. இரண்டாவது உருவத்தைச் சுட்டுகிறது. மூன்றாவதுதான் வினைமுதலைச் சுட்டுகிறது. பெயர் காரணப்பெயராக மாறிய நாளில்தான் நோயைத் தடுப்பது பற்றிச் சிந்திக்க முடிந்தது. 1962இல் ஜேம்ஸ் கோவன்ஸ், எலிகளில் இவ்வினையைத் தொடங்குவது சிறிய லிம்ஃபோசைட் அணுவே என்று காட்டியதும் வினைமுதலுக்கு முகமும் கிடைத்தது.

1966இல் பில்லிங்ஹாம் இந்நோய்க்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். ஒட்டில் நோயெதிர்ப்புத் திறனுள்ள அணுக்கள் இருக்க வேண்டும். பெறுநரின் உடலில் கொடையாளிக்கு இல்லாத திசு அடையாளங்கள் இருக்க வேண்டும். பெறுநர் அந்த ஒட்டை அழிக்கும் வலிமையற்றவராக இருக்க வேண்டும். இன்றுவரை பாடநூல்கள் இந்நோயைப் பற்றிய பேச்சை இந்த மூன்றிலிருந்தே தொடங்குகின்றன.

‘ஓம்புயிர்’ என்ற பகுதியும் சிந்திக்கத்தக்கது. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் ‘ஹோஸ்பெஸ்’ விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருங்கே குறித்தது. பகைவரைக் குறித்த ‘ஹோஸ்டிஸ்’ என்ற சொல்லுக்கும் அதே வேர். அதன் பழம்பொருள் அயலார் என்பதே. தமிழில் ‘விருந்து’ என்பதன் அடிப்பொருள் புதுமை. தொல்காப்பியம் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயரிடுவது இப்பொருளில்தான். புதியவரை ஓம்புவதும் புதியவரால் அழிவதும் அருகருகே நிற்கின்றன என்பதை இரு மொழிகளின் சொல் வரலாறும் தத்தம் வழியில் அறிந்திருக்கின்றன.

எலியிலிருந்து மனிதருக்கு

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் பணியாற்றிய இ. டொனால் தாமஸ், மனிதருக்கு மஜ்ஜையைச் செலுத்திய ஆறு நோயாளிகள் பற்றிய அறிக்கையை 1957இல் வெளியிட்டார். அவர்களில் எவரும் 100 நாள்களைக் கடக்கவில்லை. 1958இல் யுகோஸ்லாவியாவின் வின்சா அணு உலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானோருக்குப் பாரிஸில் ஜார்ஜ் மாத்தே மஜ்ஜை செலுத்திச் சிகிச்சையளித்ததும் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆயினும் அடுத்த பத்தாண்டின் விளைவுகள் சோர்வூட்டுபவையே. அதுவரை வெளியான ஏறத்தாழ 200 மாற்றுச் சிகிச்சைகளை 1970இல் மார்ட்டிமர் போர்ட்டின் தொகுத்தபோது, பெரும்பாலான நோயாளிகள் இறந்திருந்தனர். பலர் இத்துறையைக் கைவிட்டனர்.

தாமஸ் கைவிடவில்லை. சியாட்டில் நகருக்குச் சென்று நாய்களில் ஆய்வைத் தொடர்ந்தார். 1958இல் ஜான் டோசே கண்டறிந்த வெள்ளணு அடையாளமே பின்னர் எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளத் தொகுதியாக விரிந்தது. உடன்பிறந்தோர் இருவரின் எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 1968இல் ராபர்ட் குட் குழுவினர், பிறவியிலேயே கடும் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜையை மாற்றி வெற்றி கண்டனர். 1974இல் குளுக்ஸ்பெர்க் குழு நோயின் கடுமையைத் தோல், கல்லீரல், குடல் ஆகிய மூன்றின் நிலையைக் கொண்டு தரப்படுத்தியது. 1990இல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எச்.எல்.ஏ. முழுதும் பொருந்தினாலும் நோய் வருவதேன்? அவ்வடையாளங்கள் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் தட்டுகள் போன்றவை. தட்டு ஒன்றாக இருப்பினும் அதிலுள்ள துண்டு வேறுபடலாம். ஆணின் ஒய் குரோமோசோம் உண்டாக்கும் புரதங்கள் பெண்ணின் உடலில் இல்லை. எனவே சகோதரியின் மஜ்ஜையைப் பெறும் சகோதரனின் உடல், அந்த மஜ்ஜையின் கண்ணுக்கு ஓரளவு அயலே. இவற்றைச் சிறு திசு அடையாளங்கள் என்பர். 1978இல் கோர்ன்கோல்டும் ஸ்ப்ரென்ட்டும், சிறு அடையாளங்கள் மட்டும் வேறுபடும் எலிகளில், மஜ்ஜையிலிருந்து முதிர்ந்த டி அணுக்களை நீக்கிவிட்டால் நோய் வருவதில்லை என்று காட்டினர்.

சமிக்ஞையின் மூன்று கட்டங்கள்

1992இல் ஜோசப் ஆன்டினும் ஜேம்ஸ் ஃபெராராவும் தீவிர நிலை நோயைச் சைட்டோகைன்களின் ஒழுங்கின்மையாக விளக்கினர். சைட்டோகைன் என்பது ஓர் அணு சுரந்து இன்னோர் அணு வாசிக்கும் சிறு புரதம். அவர்களது விளக்கம் பின்னர் மூன்று கட்டங்களாகச் செம்மைப்பட்டது.

முதற்கட்டம் மஜ்ஜை செலுத்தப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் கடும் மருந்துகளும் கதிர்வீச்சும் குடற்சுவரைப் புண்ணாக்குகின்றன. சிதைந்த அணுக்களிலிருந்து ஏ.டி.பி., யூரிக் அமிலம் முதலியன வெளியே சிந்துகின்றன. அணுவுக்குள் இருக்கும்போது ஏ.டி.பி. ஆற்றலின் நாணயம், வெளியே கிடந்தால் ஆபத்தின் அறிவிப்பு. இவ்வாறு வெளியே கிடக்கும் ஏ.டி.பி. பி2எக்ஸ்7 என்ற ஏற்பியின் வழியாக நோயைத் தீவிரமாக்குவதை 2010இல் எலி ஆய்வொன்று காட்டியது. குடலின் பாக்டீரியா உறைப்பொருளான லிப்போபாலிசாக்கரைடும் புண்வழியே குருதிக்குள் நுழைகிறது. இவற்றைப் படித்த அணுக்கள் கட்டி நசிவுக் காரணி, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகியவற்றைச் சுரக்கின்றன. கிருமியற்ற சூழலில் வளர்ந்த எலிகளில் நோய் தணிந்திருப்பதை 1970களிலேயே வான் பெக்கும் முதலியோர் கண்டிருந்தனர். அதன் காரணம் பின்னரே விளங்கியது.

இரண்டாம் கட்டத்தில் கொடையாளியின் டி அணு விழித்தெழுகிறது. திசு அடையாளங்களை ஏந்திக் காட்டும் அணுக்களுள் நோயாளியின் சொந்த அணுக்கள், கடும் சிகிச்சைக்குப் பின்னும் சில நாள் எஞ்சியிருக்கின்றன. நோயைத் தொடங்கிவைப்பவை அவையே என்று 1999இல் வாரன் ஷ்லோம்சிக் குழுவினர் எலிகளில் நிறுவினர். டி அணுவின் ஏற்பி அந்த அடையாளத்தைப் பற்றுவது முதற் சமிக்ஞை. சி.டி.28 என்ற துணை ஏற்பிக்குக் கிடைப்பது இரண்டாவது. முதலாவது மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால் டி அணு செயலற்றுப்போகும். இரண்டும் கிடைத்தால், அணுவுக்குள் எல்.சி.கே., சாப்-70 ஆகிய நொதிகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன, கால்சியம் உயர்கிறது, கால்சினியூரின் என்ற நொதி என்.எஃப்.ஏ.டி. என்னும் புரதத்தின் பாஸ்பேட்டை நீக்குகிறது. அப்புரதம் உட்கருவுக்குள் சென்று இன்டர்லூகின்-2இன் மரபணுவை இயக்குகிறது. டி அணுக்கள் பெருகுகின்றன. சுற்றிலுமுள்ள சைட்டோகைன்களின் செய்தியை ஜேக் நொதிகளும் ஸ்டாட் புரதங்களும் உட்கருவுக்குக் கொண்டுசேர்க்கின்றன.

மூன்றாம் கட்டம் அழிவு. டி அணுக்கள் பெர்ஃபோரின், கிரான்சைம் ஆகிய புரதங்களால் இலக்கணுவைத் துளைத்துக் கொல்கின்றன. ஃபாஸ் என்ற ஏற்பியின் வழியே தற்கொலை ஆணை பிறப்பிக்கின்றன. ஒவ்வோர் அணுவையும் இனங்கண்டுதான் தாக்க வேண்டும் என்பதுமில்லை. அயல் அடையாளம் ஏதும் காட்டாத மேற்புற அணுக்களும் சைட்டோகைன்களின் வெள்ளத்தில் சிதையக்கூடும் என்று 2002இல் தெஷிமா, ஃபெராரா குழு காட்டியது. குடல் மீண்டும் புண்ணாகிறது. புண் மீண்டும் முதற்கட்டத்தைத் தூண்டுகிறது. தொடக்கமும் முடிவும் இணைந்த வட்டம் இது.

இங்கே ஒரு வரலாற்று உண்மையைக் குறிப்பிட வேண்டும். மருந்துகள் பெரும்பாலும் விளக்கத்துக்கு முன்னரே வந்தன. மெத்தோட்ரெக்சேட்டும் சைக்ளோஸ்போரினும் இணைந்தால் நோய் குறைகிறது என்று ரைனர் ஸ்டோர்ப் குழு 1986இல் அறிவித்தது. சைக்ளோஸ்போரின் கால்சினியூரினைத் தடுப்பதாலேயே வேலை செய்கிறது என்பது 1991இல்தான் தெரிந்தது. மொழியைப் பேசிய பின்னரே இலக்கணம் எழுதப்படுகிறது. இத்துறையிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

தாக்குதலில் மறைந்திருந்த நன்மை

1956இலேயே பார்ன்ஸ் குழுவினர் இன்னொன்றையும் கவனித்திருந்தனர். இரத்தப் புற்றுநோயுள்ள எலிகளுக்குத் தம்முடைய குலத்தின் மஜ்ஜையைக் கொடுத்தால் புற்றுநோய் திரும்பியது. வேற்றுக் குலத்து மஜ்ஜையைக் கொடுத்தால் புற்றுநோய் திரும்புவது அரிது. ஆனால் எலிகள் இரண்டாம் நோயால் இறந்தன. ஒட்டு, ஓம்புயிரைத் தாக்கும்போது புற்றணுக்களையும் சேர்த்தே தாக்குகிறது என்ற ஐயம் அங்கே பிறந்தது.

மனிதரில் இதற்கான சான்றை 1979இல் பால் வைடன் முதலிய சியாட்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்: இந்நோய் வந்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்புவது குறைவு. 1980களில் டி அணுக்களை நீக்கிய மஜ்ஜையைப் பல மையங்கள் பயன்படுத்தின. ஒட்டு எதிர் ஓம்புயிர் நோய் குறைந்தது. ஒட்டு நிராகரிக்கப்படுவதும் புற்றுநோய் மீள்வதும் கூடின. 1990இல் மேரி ஹோரோவிட்ஸ் குழு 2,254 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரின் மஜ்ஜையைப் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் மீளும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. முழுமையான பொருத்தமே அங்குக் குறையாயிற்று. அதே ஆண்டில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப், நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் மீண்டவர்களுக்குக் கொடையாளியின் லிம்ஃபோசைட்டுகளையே மருந்தாகச் செலுத்திப் பயன் கண்டார்.

இதன்பின் இத்துறையின் பெரிய கேள்வி ஒன்றாகவே இருந்தது: நோயையும் நன்மையையும் பிரிக்க முடியுமா? உலகின் முன்னணி ஆய்வகங்கள் இக்கேள்வியை எழுப்பியபோது அவர்களின் மனக்கண்ணில் இருந்தவர் பெரும்பாலும் இரத்தப் புற்றுநோயாளி. ஆகையால், சிறிதளவு நோய் வரவேற்கத்தக்கது என்ற எண்ணம்கூட உருவானது.

வேலூரின் வேறுபட்ட கணக்கு

இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று 1983இல் மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானியின் தலைமையில் இரத்தப் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டது. 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாம்மன் சாண்டியின் குழு இப்பணியைத் தொடங்கியது. அங்கே தலசீமியா, மாற்றுச் சிகிச்சைக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அமைந்தது. சிவப்பணுவின் ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் குறை. ஆகவே குழந்தைப் பருவத்திலிருந்தே மாதந்தோறும் குருதி ஏற்ற வேண்டியிருக்கும். குருதியோடு வரும் இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படியும். மஜ்ஜையை மாற்றினால் மரபுக் குறையின் விளைவே நீங்கிவிடும்.

தலசீமியாவில் கொல்ல வேண்டிய புற்றணு எதுவும் இல்லை. ஆகவே ஒட்டின் தாக்குதலால் கிடைக்கும் நன்மை ஏதுமில்லை, அனைத்தும் இழப்பு. சியாட்டிலின் புற்றுநோயாளிக்குப் பாதி மருந்தாக இருந்த அதே டி அணு வினை, வேலூரின் தலசீமியாக் குழந்தைக்கு முழு நஞ்சு. மூலக்கூறுகள் ஒன்றே, ஏற்பிகள் ஒன்றே, கட்டங்களும் ஒன்றே. ஆனால் பொருள் வேறு. ‘நோயையும் நன்மையையும் பிரிப்பது’ என்ற உலகளாவிய ஆய்வுத் திட்டத்தை இந்தக் குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால், அது பாதியளவுக்கே அவளுடைய கேள்வி.

அவளுடைய மறுபாதிக் கேள்வி முதற்கட்டத்தில் இருக்கிறது. இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லூக்கரெல்லி, கல்லீரல் வீக்கம், கல்லீரல் நார்மிகை, இரும்பை வெளியேற்றும் சிகிச்சையின் ஒழுங்கு ஆகியவற்றைக் கொண்டு தலசீமியா நோயாளிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்திருந்தார். மூன்றாம் வகுப்பினருக்கு ஆபத்து மிகுதி. இரும்பை வெளியேற்றும் மருந்து ஒழுங்காகக் கிடைக்காத நாட்டில் இவ்வகுப்பினர் எண்ணிக்கையும் மிகுதி. விக்ரம் மேத்யூஸ், அலோக் ஸ்ரீவஸ்தவா உள்ளிட்ட வேலூர் ஆய்வாளர்கள் 2007இல் இம்மூன்றாம் வகுப்புக்குள்ளேயே மேலும் ஆபத்தான உட்பிரிவு ஒன்றை இனங்கண்டனர்: வயது ஏழு அல்லது அதற்கு மேல், கல்லீரல் ஐந்து சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் புடைத்திருத்தல். வயதையும் கையால் தொட்டறியும் கல்லீரலின் அளவையும் கொண்டு கணிக்கத்தக்க பிரிவு இது. பின்னர், புசல்பானுக்குப் பதிலாக ட்ரியோசல்பானை அடிப்படையாகக் கொண்ட மருந்து முறைக்கு மாறியபோது, இவ்வகுப்பினரின் கல்லீரல் நாள அடைப்பு குறைந்ததையும் பிழைப்பு கணிசமாக உயர்ந்ததையும் 2013இல் பதிவுசெய்தனர்.

டி அணுவின் உள்வழிகளைப் பற்றிய பெருமைமிகு கண்டுபிடிப்புகளோடு ஒப்பிட்டால் இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் மூன்று கட்ட விளக்கத்தை மனத்தில் கொண்டால் இதன் இடம் புரியும். திசுச் சிதைவே முதற் சமிக்ஞை என்றால், ஏற்கெனவே இரும்பேறிச் சிதைந்த கல்லீரலோடு வருபவருக்குச் சிகிச்சையின் நச்சைக் குறைப்பதே முதற்காப்பு.

ஒரே சொல், இரு பொருள்

சமிக்ஞையின் பொருள் சூழலைச் சார்ந்தது என்பதற்கு இன்டர்லூகின்-2 தெளிவான சான்று. பல ஆண்டுகள் அது டி அணுப் பெருக்கத்தின் எரிபொருளாக மட்டுமே கருதப்பட்டது. சைக்ளோஸ்போரினின் பயனும் அதைக் குறைப்பதில்தான் உள்ளது. பின்னர், நோயெதிர்ப்பை அடக்கும் ஒழுங்காற்று டி அணுக்கள் கண்டறியப்பட்டன. 2003இல் மத்தியாஸ் எடிங்கர் முதலியோர் இவ்வணுக்கள் எலிகளில் நோயைத் தணித்தும் புற்றெதிர் விளைவைக் காத்தும் செயல்படுவதைக் காட்டினர். இவ்வணுக்கள் வாழ்வதும் இன்டர்லூகின்-2ஆல்தான். இவற்றின் மேற்பரப்பில் அதற்கான உயர்நாட்ட ஏற்பி எப்போதும் இருப்பதால், மிகக் குறைந்த அளவையும் இவை வாசித்துவிடும். 2011இல் ஜான் கோரெத் குழு, நாட்பட்ட நிலை நோயாளிகளுக்கு இன்டர்லூகின்-2ஐயே சிற்றளவில் கொடுத்து, சிலருக்கு நோய் தணிவதைக் கண்டது. உரத்துச் சொன்னால் போருக்கு அழைப்பு. மெல்லச் சொன்னால் அமைதிக்கு ஆணை.

ஜேக் நொதிகளின் பெயரிலும் இவ்விருமை உண்டு. ‘இன்னுமொரு கைனேஸ்’ என்ற வேடிக்கைத் தொடரின் முதலெழுத்துகளாகத் தொடங்கிய அப்பெயர், பின்னர் இருமுகம் கொண்ட உரோமானியத் தெய்வமான ஜேனஸின் பெயராக உயர்ந்தது. இந்நொதிகளைத் தடுக்கும் ருக்சோலிடினிப், ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத தீவிர நிலை நோய்க்கு 2019இல் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. 2020இல் வெளியான ரீச்-2 ஆய்வில் 28ஆம் நாளில் பயன் கண்டவர்கள், ருக்சோலிடினிப் பிரிவில் 62 சதவீதம், மற்றப் பிரிவில் 39 சதவீதம். இரண்டாம் சமிக்ஞையான சி.டி.28இன் வழியை மறிக்கும் அபாடசெப்ட், நோய்த் தடுப்புக்காக 2021இல் ஒப்புதல் பெற்றது. சமிக்ஞையை முதலில் வாசித்து, அதற்கேற்ற மருந்தைப் பின்னர் தேர்ந்தெடுக்கும் காலம் இது. 1986இன் வரிசை இங்கே மாறியிருக்கிறது.

பழைய மருந்தின் புதிய பயனையும் மறக்கலாகாது. மஜ்ஜை மாற்றுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லியோ லுஸ்னிக், எஃப்ரைம் ஃபுக்ஸ் முதலியோர் வளர்த்தெடுத்தனர். அந்நாள்களில் வேகமாகப் பெருகும் தாக்கும் டி அணுக்கள் அழிகின்றன. ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸ் நொதி மிகுந்த ஒழுங்காற்று அணுக்கள் தப்புகின்றன. இதனால் பாதியளவே பொருந்தும் தாயோ தந்தையோகூடக் கொடையாளியாக முடிகிறது. நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு கைகூடாத குடும்பங்களுக்கு இம்மருந்தின் மலிவும் ஒரு வரம். இதே தேவைக்காகத்தான் 2009இல் சென்னையில் தாத்ரி என்னும் கொடையாளர் பதிவகமும் உருவானது.

யாருடைய கேள்வி?

பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர் உள்ளிட்ட பழங்குடி மக்களிடையே அரிவாளணுச் சோகை பரவலாக உள்ளது. இந்தியாவில் இக்குறை முதன்முதலில் அறியப்பட்டதும் அருகிலுள்ள நீலகிரியில்தான். 1952இல் லேமனும் கட்புஷும் அதைப் பதிவுசெய்தனர். 2023 ஜூலை 1 அன்று தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. இந்நோய்க்கும் மஜ்ஜை மாற்றே நெடுங்காலமாக நிலைத்த தீர்வு. தலசீமியாவைப் போலவே இங்கும் ஒட்டின் தாக்குதலால் எந்த நன்மையும் இல்லை.

அண்மையில் வேறொரு வழி திறந்திருக்கிறது. நோயாளியின் சொந்தக் குருதி மூல அணுக்களையே எடுத்து, மரபணுவைத் திருத்தி, அவருக்கே திருப்பிச் செலுத்துவது. அரிவாளணுச் சோகைக்கும் தலசீமியாவுக்குமான காஸ்ஜெவி, 2023 நவம்பரில் பிரிட்டனில் ஒப்புதல் பெற்றது. ஒட்டும் ஓம்புயிரும் ஒருவரே ஆதலால் பில்லிங்ஹாமின் இரண்டாம் நிபந்தனை தானே விலகிவிடுகிறது. ஆனால் பழைய மஜ்ஜையை அழிக்க இங்கும் புசல்பான் தேவை. முதற்கட்டத்தின் சிதைவு நீங்கவில்லை. அமெரிக்காவில் இதன் விலை 22 இலட்சம் டாலர். வேலூர் ஆய்வாளர்கள், இதே தத்துவத்தில் லென்டிவைரஸ் வழியாக மரபணுவைச் சேர்த்து, ஐந்து ஹீமோஃபீலியா நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையின் முடிவை 2024இன் இறுதியில் வெளியிட்டுள்ளனர். வழி இங்கேயும் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

இந்த எழுபது ஆண்டுகளை ஒருசேர நோக்கும்போது, ஆய்வு மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு சமிக்ஞை வழியின் பெயரையும் நொதிகளின் வரிசையையும் மனப்பாடம் செய்வது எளிது. அவ்வழி ‘நல்லதா, கெட்டதா’ என்று பாடநூல் சொல்லும்போது, எந்த நோயாளியை மனத்தில் வைத்து அது எழுதப்பட்டது என்றும் கேட்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே செல்லும் தொடர்வண்டிகளில், காட்பாடியில் இறங்குவதற்காக, தளர்ந்த குழந்தையை மடியில் கிடத்தியபடி அமர்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அக்குழந்தைகளில் தலசீமியாவோடு செல்பவர்களுக்கு ஒட்டின் தாக்குதலில் சிறிதளவும் வேண்டியதில்லை. அவர்களைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு இந்நோயின் சமிக்ஞைகளை மீண்டும் வாசிப்பது நம் ஆய்வகங்களின் வேலை. அந்த வாசிப்புக்கேற்ற சொற்களைத் தமிழில் ஆக்கிவைப்பது என்னைப் போன்றவர்களின் வேலை.